ஹாட் ஸ்பேஸுக்கு இன்னொரு வாய்ப்பு: எந்த வாசல் வழியாகப் போவது?

பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் ரசிகர்கள் கூடும் இடத்தில் ‘ஹாட் ஸ்பேஸ்’ ஆல்பத்தின் பேச்சை எடுத்தால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். மீதிப் பேர், ‘அண்டர் பிரஷர் மட்டும் நல்லா இருக்கும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடுவார்கள். 1982 மே 21 அன்று வந்த இந்த ஆல்பம் பிரிட்டனில் நான்காம் இடம் வரை ஏறியது. இரண்டு வருடம் முன்னால் ‘தி கேம்’ முதலிடம் பிடித்த அமெரிக்காவிலோ 22ஆம் இடத்தோடு நின்றுபோனது. அந்த வருடச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகு பாடகர் ஃப்ரெடி மெர்குரியோடு குயின் அங்கே சுற்றுப்பயணமே போகவில்லை.

ஒருமுறை கேட்டு ஒதுக்கியவர்கள் திரும்பக் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம். ஆனால் முன்பு கேட்ட அதே முறையில் கேட்டால் அதே எரிச்சல்தான் மிஞ்சும். வழிகள் நாலைந்து இருக்கின்றன, எல்லாம் ஒரே தரம் இல்லை. எந்தப் பதிப்பை எடுப்பது, எந்தப் பாட்டில் தொடங்குவது, எதைத் தாண்டிப் போவது என்பதை முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தால் மறுபார்வைக்குப் பலன் உண்டு.

முதலில் பழைய குற்றச்சாட்டை ஒதுக்கிவிடுவோம். ‘சிந்தசைசர் (மின்னணு முறையில் ஓசை உண்டாக்கும் கீபோர்டு) வந்துதான் கெடுத்தது’ என்பார்கள். குயின் ஆரம்ப ஆல்பங்களின் அட்டையில் ‘சிந்தசைசர் இல்லை’ என்று பெருமையாகவே அச்சிட்டவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த விரதம் முறிந்தது 1980இல். ‘தி கேம்’ ஆல்பத்தின் முதல் நொடிகளே ஓபர்ஹைம் சிந்தசைசரின் இரைச்சல்தான். அதே வருட டிசம்பரில் வந்த ‘ஃப்ளாஷ் கார்டன்’ படத்தின் இசைத்தட்டில் எங்கும் சிந்தசைசர். ஹாட் ஸ்பேஸுக்குப் பின் 1984இல் ‘ரேடியோ கா கா’ பிரிட்டனில் இரண்டாம் இடம், ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’ மூன்றாம் இடம். இரண்டும் சிந்தசைசரை நம்பி நிற்கும் பாட்டுகள். குற்றவாளி சிந்தசைசர்தான் என்றால் இவற்றையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

உண்மையான கோளாறு இரண்டு. ஒன்று, பாட்டுகளின் வரிசை. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ‘ஸ்டேயிங் பவர்’, ‘டான்சர்’, ‘பேக் சாட்’, ‘பாடி லாங்குவேஜ்’, ‘ஆக்‌ஷன் திஸ் டே’ என்று ஐந்து ஆட்டப் பாட்டுகளும் அடுத்தடுத்து. சுமார் 20 நிமிடத்துக்கு மூச்சு விட இடமில்லை. கிதாரும் மெல்லிசையும் பியானோவும் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. ராக் ரசிகர் பெரும்பாலும் பக்கத்தைத் திருப்பும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

இரண்டாவது, பாட்டின் அடித்தளம். குயினின் நான்கு பேரையும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லலாம்: ஜான் டீக்கனின் பேஸ் கிதாரில் விரல் வழுக்கும் ஓசை, ரோஜர் டெய்லரின் சிம்பல் சிதறல், ப்ரையன் மேயின் அடுக்குக் கிதார், மெர்குரியின் குரல். ஹாட் ஸ்பேஸின் முதல் பக்கத்தில் பல இடங்களில் பேஸ் கிதாருக்குப் பதில் சிந்தசைசர் பேஸ், டிரம்முக்குப் பதில் டிரம் மெஷின். ‘டான்சர்’ பாட்டின் பேஸ்கூட மே ஓபர்ஹைம் கீபோர்டில் வாசித்ததுதான். மேல்தளத்தில் குரலும் கிதாரும் பழைய ஆட்கள், கீழ்த்தளத்தில் ஆளே இல்லை. அந்த இடைவெளியைத்தான் ‘குளிர்ந்து கிடக்கிறது’, ‘ஜீவன் இல்லை’ என்று கேட்டவர்கள் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். பாட்டு மோசம் என்பது வேறு, பாட்டுக்கு உடுத்திய உடை ஒத்துவரவில்லை என்பது வேறு. ஹாட் ஸ்பேஸில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அச்சிட்ட வரிசையிலேயே கேட்பது

நேர்மையான வழி இதுதான், பலன் குறைவான வழியும் இதுதான். குயினைப் பற்றி முன்முடிவு எதுவும் இல்லாதவருக்கு, அல்லது டிஸ்கோ, ஃபங்க் இரண்டையும் விரும்பிக் கேட்பவருக்கு இது போதும். ‘ஸ்டேயிங் பவர்’ பாட்டின் ஹார்ன் (ஊதுகருவிகள்) பகுதியை ஒழுங்குபடுத்தியவர் ஆரிஃப் மார்டின். சோல் இசையில் ஊறிய அந்தக் கை ஒவ்வொரு வெட்டிலும் தெரிகிறது. ‘பேக் சாட்’ டீக்கனின் பாட்டு. ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ எழுதிய அதே ஆள், அதைவிட இறுக்கமாக எழுதியிருக்கிறார். அதில் கிதார் தனி ஆவர்த்தனம் வேண்டுமா வேண்டாமா என்று டீக்கனுக்கும் மேவுக்கும் வாக்குவாதம் நடந்தது தெரிந்த கதை. கடைசியில் மே ஜெயித்தார், பாட்டும் பிழைத்தது.

இந்த வழியில் போகிறவர்கள் கருவியைக் கவனிக்க வேண்டும். கைபேசியின் சொந்த ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. சாதாரண ராக் பாட்டில் பேஸ் கிதாரின் நரம்பை விரல் தட்டும் சத்தமும் மேல் ஸ்வரங்களும் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் வந்துவிடும், மீதியைக் காது நிரப்பிக்கொள்ளும். வழவழப்பான சிந்தசைசர் பேஸில் அந்தத் தட்டல் குறைவு, ஆகவே அடி மொத்தமும் காணாமல் போகும். மிஞ்சுவது டிரம் மெஷினின் டிக் டிக்கும் குரலும்தான். ‘வெறும் கூடு மாதிரி இருக்கிறது’ என்று இன்று சொல்பவர்களில் கணிசமானவர்கள் கைபேசியில் கேட்டவர்களாகத்தான் இருப்பார்கள். காதை மூடும் ஹெட்ஃபோன், அல்லது ஓரளவு பெரிய ஸ்பீக்கர் கட்டாயம். அதற்காக ஈக்வலைசரில் பேஸை ஏற்றிவிடவும் கூடாது. இந்தப் பாட்டுகளில் பேஸ் விட்டு விட்டு வராமல் ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், ஏற்றினால் குரலின் அடிப்பகுதியை மூடிவிடும். ஈக்வலைசரை அணைத்துவிட்டுக் கேட்பதே நல்லது.

இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குவது

செலவில்லாத வழி, ராக் ரசிகருக்கு முதல் வழியைவிட நிச்சயம் மேல். ஆறாவது பாட்டான ‘புட் அவுட் த ஃபயர்’ இலிருந்து ஆரம்பியுங்கள். மேயின் பாட்டு, துப்பாக்கிக் கலாசாரத்துக்கு எதிரானது, 1970களின் குயின் ஆல்பம் எதிலும் அலுங்காமல் உட்கார்ந்துகொள்ளும் கிதார். அதை அடுத்து ‘லைஃப் இஸ் ரியல்’. 1980 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லெனனுக்கு மெர்குரி எழுதியது, பியானோ முன்னால் நிற்கும் அமைதியான பாட்டு. துப்பாக்கிக்கு எதிரான பாட்டையும் துப்பாக்கிக்குப் பலியானவருக்கான பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. ஆல்பத்தில் வரிசை சரியாக வாய்த்த ஒரே இடம் இது.

‘லாஸ் பலாப்ராஸ் தே அமோர்’ 1981இல் குயின் தென் அமெரிக்காவில் வாசித்ததன் விளைவு. பல்லவியில் ஸ்பானிய மொழி. சிந்தசைசர் இங்கேயும் உண்டு, ஆனால் யாருக்கும் உறுத்தியதில்லை, ஏனென்றால் அது இங்கே பின்னால் நின்று பாட்டைத் தாங்குகிறது. சிந்தசைசரே வேண்டாம் என்பவர்களுக்கு இந்த ஒரு பாட்டு போதுமான பதில். ‘கூல் கேட்’ மெர்குரியும் டீக்கனும் சேர்ந்து எழுதியது; முழுக்கப் பொய்க்குரலில், அவசரமே இல்லாமல் பாடுகிறார். பாடகர் டேவிட் போவி பின்குரல் கொடுத்து, பிறகு அவரே கேட்டுக்கொண்டதால் அது நீக்கப்பட்டது. டெய்லரின் ‘காலிங் ஆல் கேர்ள்ஸ்’ சுமார்தான்.

கடைசியில் போவியோடு சேர்ந்து பாடிய ‘அண்டர் பிரஷர்’. இதை இந்த ஆல்பத்தின் கணக்கில் சேர்க்காமல் கேட்பது நியாயம். 1981 அக்டோபரிலேயே தனித்தட்டாக வந்து, நவம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்துவிட்ட பாட்டு. ஏழு மாதம் கழித்து வந்த ஆல்பத்தின் வாலில் ஒட்ட வைத்திருக்கிறார்கள். ஓசையிலும் மற்றப் பத்துப் பாட்டுகளோடு இதற்கு ஒட்டில்லை. அதன் தயவில் ஆல்பத்தை மெச்சுவதும், அதோடு ஒப்பிட்டு மற்றதைக் குறைப்பதும் இரண்டுமே தவறான அளவுகோல்.

இந்த வழியின் குறை: இரண்டாம் பக்கம் முடிந்ததும் முதல் பக்கத்தின் ஐந்து ஆட்டப் பாட்டுகள் அப்படியே காத்திருக்கின்றன. சிக்கலைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். பட்டியல் போட்டுக் கேட்பவர்கள் கலந்து அடுக்கிவிடலாம்: ‘புட் அவுட் த ஃபயர்’, ‘பேக் சாட்’, ‘லைஃப் இஸ் ரியல்’, ‘ஸ்டேயிங் பவர்’, ‘லாஸ் பலாப்ராஸ்’, ‘டான்சர்’, ‘காலிங் ஆல் கேர்ள்ஸ்’, ‘ஆக்‌ஷன் திஸ் டே’, ‘கூல் கேட்’. ‘டான்சர்’ பாட்டின் முடிவில் தொலைபேசி மணி அடித்து ஜெர்மன் மொழியில் துயில் எழுப்பும் குரல் வரும். மியூனிக்கில் பதிவு செய்த காலத்தின் மிச்சம் அது. அடுத்த பாட்டு அதை விழுங்கிவிடாமல் இருக்க இசைச் செயலியில் ‘கிராஸ்ஃபேட்’ வசதியை அணைத்துவிடுங்கள்.

மேடைப் பதிவு: மில்டன் கீன்ஸ், 1982 ஜூன் 5

நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். ஆல்பம் வெளியாகி இரண்டு வாரம் கழித்து மில்டன் கீன்ஸ் பௌல் திறந்தவெளியில் நடந்த கச்சேரி, 2004இல் ‘குயின் ஆன் ஃபயர்: லைவ் அட் த பௌல்’ என்ற பெயரில் இரட்டை சிடியாகவும் டிவிடியாகவும் வந்தது. ஹாட் ஸ்பேஸிலிருந்து இதில் நான்கு பாட்டுகள்: ‘ஆக்‌ஷன் திஸ் டே’, ‘ஸ்டேயிங் பவர்’, ‘பேக் சாட்’, ‘அண்டர் பிரஷர்’. முதல் மூன்றும் ஸ்டூடியோவில் மிகவும் திட்டு வாங்கிய முதல் பக்கத்துப் பாட்டுகள் என்பதைக் கவனியுங்கள்.

‘ஆக்‌ஷன் திஸ் டே’ இலிருந்து தொடங்கலாம், மாற்றம் பளிச்சென்று தெரிவது அதில்தான். ஸ்டூடியோவில் டிரம் மெஷின் இயந்திரம் போல இரட்டை எண்ணிக்கையில் இடித்துக்கொண்டே போகும், நடுவில் இத்தாலிய இசைக்கலைஞர் டீனோ சொலேராவின் சாக்ஸஃபோன். எழுதியவர் டெய்லர், குயினின் டிரம்மர். டிரம்மர் எழுதிய பாட்டில் டிரம் மெஷின்! மேடையில் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து தானே அடிக்கிறார், டீக்கன் பேஸ் கிதாரை எடுத்துக்கொள்கிறார், மே கிதாரில் வெட்டுகிறார். மெட்டிலோ வரியிலோ பெரிய மாற்றம் இல்லை. பாட்டு மட்டும் எழுந்து நின்றுவிட்டது. ஸ்டூடியோவில் எல்லா அடியும் ஒரே கனத்தில் விழுந்தது. இங்கே பல்லவிக்குள் நுழையும்போது டெய்லர் முன்னால் சாய்ந்து கனம் ஏற்றுவதும், சரணத்தில் இறக்குவதும் கேட்கிறது.

‘ஸ்டேயிங் பவர்’ இன்னும் வேடிக்கை. ஸ்டூடியோவில் உள்ள பேஸ் சிந்தசைசருடையது, ஆகவே மேடையில் டீக்கனுக்கு வேலையில்லை. அவர் கிதாரை மாட்டிக்கொண்டு தாளக் கிதார் வாசிக்கிறார். பேஸைக் கவனித்துக்கொள்வது ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு வந்திருந்த கீபோர்டு கலைஞர் மார்கன் ஃபிஷர், முன்பு மாட் த ஹூப்பிள் குழுவில் இருந்தவர். ஹார்ன்கள் கிடையாது. இரண்டு கிதார் சேர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, வேகமும் கூடுகிறது. சிந்தசைசர் பேஸ் அப்படியே இருக்க, மேலே கிதாரும் கீழே கையால் அடித்த டிரம்மும் வந்ததும் பாட்டு ராக் ஆகிவிடுகிறது. சிந்தசைசர் குற்றவாளி இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது: ஸ்டூடியோ வடிவத்தையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டு, பேஸை மட்டும் காதால் பின்தொடர்ந்து பாருங்கள்.

இந்தப் பாட்டுக்கு முன்னால் மெர்குரி பேசுவதையும் தாண்டிவிடாதீர்கள். புது ஓசைகளை முயன்று பார்க்கிறோம், அதற்காக ராக் உணர்வை இழந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை, அது வெறும் ஒரு இசைத்தட்டுதானே, இதற்கெல்லாம் மக்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்கிற தொனியில் பேசுகிறார். ஆல்பம் கடைக்கு வந்து சுமார் இரண்டு வாரத்தில் மேடையிலேயே சமாதானம் சொல்ல வேண்டிய நிலை.

‘பேக் சாட்’ மூன்றில் சிறந்தது. ஸ்டூடியோவில் அளந்து கொடுத்த கிதார் இடம் இங்கே விரிகிறது. மேவுக்கும் டீக்கனுக்கும் இடையிலான பழைய வழக்கு மேடையில் மேவின் பக்கமே தீர்ந்தது என்று சொல்லலாம். ‘அண்டர் பிரஷர்’ பாட்டில் போவி இல்லை, மெர்குரியும் டெய்லரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரிஜினலுக்கு அடுத்தபடிதான்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களில் சற்று உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். ஒன்றிரண்டு டெசிபெல் வித்தியாசமே போதும். செயலியில் ஒலி அளவைச் சமன்செய்யும் அமைப்பை இயக்கிவிட்டு ஒப்பிடுங்கள். சிடி என்றால் இரண்டிலும் குரலின் உரப்பு ஒத்துவரும்படி கையால் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

வேறு கச்சேரிப் பதிவுகளை வாங்கி ஏமாற வேண்டாம். ‘குயின் ராக் மாண்ட்ரியல்’ 1981 நவம்பரில் பதிவானது, அப்போது ஹாட் ஸ்பேஸ் வரவே இல்லை. ‘அண்டர் பிரஷர்’ மட்டும் உண்டு. 1986 வெம்பிளி பதிவிலும் இந்த ஆல்பத்திலிருந்து அந்த ஒரு பாட்டுதான். முதல் பக்கத்துப் பாட்டுகள் மேடையில் வேண்டுமென்றால் மில்டன் கீன்ஸை விட்டால் முழுக் கச்சேரியாக எளிதில் கிடைப்பது வேறு இல்லை. டிவிடியாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். டீக்கன் பேஸை இறக்கிவிட்டுக் கிதார் மாட்டிக்கொள்வது கண்ணால் தெரியும், இரண்டாம் தட்டில் அதே சுற்றுப்பயணத்தின் வியன்னா, ஜப்பான் துண்டுகளும் உண்டு.

எந்தப் பதிப்பு

ஒரே ஒரு தட்டுதான் வாங்குவேன் என்பவருக்கு 2011இல் வந்த இரட்டைப் பதிப்பு. பாப் லட்விக் மறுமெருகு (ரீமாஸ்டர்) செய்தது. இரண்டாம் தட்டில் மில்டன் கீன்ஸ் ‘ஸ்டேயிங் பவர்’, 1982 நவம்பர் டோக்கியோவில் வாசித்த ‘ஆக்‌ஷன் திஸ் டே’, ‘காலிங் ஆல் கேர்ள்ஸ்’, ‘பேக் சாட்’ தனித்தட்டு வடிவம், ‘அண்டர் பிரஷர்’ தட்டின் மறுபக்கமாக வந்த ‘சோல் பிரதர்’. ஆல்பத்தையும் அதன் மேடை வடிவத்தின் மாதிரியையும் ஒரே உறையில் தருவது இது மட்டும்தான். ‘காலிங் ஆல் கேர்ள்ஸ்’ மேடையில் கிடைப்பது தனி லாபம். ஸ்டூடியோவில் சுமாராக இருந்த பாட்டு அங்கே கொஞ்சம் தலை நிமிர்கிறது.

1991இல் அமெரிக்காவில் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட சிடி பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்தால், அதில் கூடுதலாக உள்ளது ‘பாடி லாங்குவேஜ்’ பாட்டின் அந்த வருட ரீமிக்ஸ் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆல்பத்தில் யாரும் இன்னொரு முறை கேட்க ஆசைப்படாத பாட்டுக்குப் போய் ரீமிக்ஸ். வினைல் வேண்டுபவர்களுக்கு 2015 பதிப்பு: அதே லட்விக் மறுமெருகிலிருந்து ஏபி ரோடு ஸ்டூடியோவில் மைல்ஸ் ஷோவெல் அரை வேகத்தில் வெட்டியது, 180 கிராம் எடையுள்ள தட்டு. வினைலின் அனுகூலம் ஒலியைவிட உடல் சார்ந்தது: இரண்டாம் பக்கத்தை முதலில் வைப்பது ஒரு திருப்பலில் முடிந்துவிடும். அதற்காக மட்டும் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

செயலியில் கேட்பவர்கள் டீலக்ஸ் பதிப்பை ஓடவிட்டால் ‘அண்டர் பிரஷர்’ முடிந்ததும் மேடைப் பாட்டுகள் தானாகத் தொடரும். ஆல்பம் எங்கே முடிந்தது என்று தெரியாமல் குழம்ப வேண்டாம். அதே போல ‘அண்டர் பிரஷர்’ என்று தேடினால் 1999இன் ‘ரா மிக்ஸ்’ வந்து நிற்கக்கூடும். எந்த ஆல்பத்தின் பெயர் கீழே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இத்தனை மெனக்கெட விருப்பமில்லை, குயினின் நல்ல சிந்தசைசர் பாட்டு நாலு கேட்டால் போதும் என்பவர் ஹாட் ஸ்பேஸைத் தொடாமல் 1984இன் ‘தி வர்க்ஸ்’ ஆல்பத்துக்குப் போவதே புத்திசாலித்தனம். இங்கே தடுமாறியதை அங்கே திருத்திக்கொண்டார்கள்: சிந்தசைசர் பாட்டும் கனமான கிதார் பாட்டும் மாறி மாறி வரும், எந்த வகையும் ஒரு பக்கத்தை மொத்தமாக ஆக்கிரமிப்பதில்லை. ‘ஐ வாண்ட் டு பிரேக் ஃப்ரீ’ பாட்டின் தனி ஆவர்த்தனத்தைப் பலர் இன்னும் மேயின் கிதார் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1982 அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கீபோர்டு வாசித்த ஃப்ரெட் மேண்டல் ரோலண்ட் ஜூப்பிட்டர்-8இல் வாசித்தது அது. ஹாட் ஸ்பேஸ் போட்ட விதை இரண்டு வருடம் கழித்து முளைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் கரை சேராத பாட்டு ஒன்று உண்டு: ‘பாடி லாங்குவேஜ்’. கிதார் கிட்டத்தட்டக் கிடையாது, பேஸும் டிரம் மெஷினும் நாலரை நிமிடம் ஒரே இடத்தில் சுற்றுகின்றன, மில்டன் கீன்ஸ் பட்டியலிலும் அது இல்லை. அமெரிக்காவில் 11ஆம் இடம் வரை போய், இந்த ஆல்பத்தின் பாட்டுகளில் ‘அண்டர் பிரஷர்’ உட்பட வேறெதுவும் அங்கே தொடாத உயரத்தைத் தொட்டது இதுதான். ஆல்பத்துக்கு முன்னால், ஏப்ரலிலேயே தனித்தட்டாக வெளியிட்டு ‘இதுதான் எங்கள் புதுக் குயின்’ என்று காட்டியதும் இதைத்தான். ‘பேக் சாட்’ கையில் இருக்கும்போது அதைப் பின்னால் தள்ளிவிட்டு இதை முன்னால் அனுப்பியது ஏன் என்பதற்கு நியாயமான பதில் எதுவும் தோன்றவில்லை. தாண்டிவிடுங்கள்.